பட்டை வரவில்லையா, பொய்ப் பட்டை வருகிறதா? புரத மாற்றங்களைத் தேடுவோருக்கு ஓர் அறிகுறி வழிகாட்டி

வெஸ்டர்ன் பிளொட் என்பது புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை அதைப் பிடிக்கும் அன்டிபொடியால் பட்டையாகக் காட்டும் முறை. அதில் பட்டை வராவிட்டால் முதலில் அன்டிபொடியைத்தான் குறை சொல்வோம். புதிய குப்பிக்கு எழுதிப்போட்டு, அது கட்டுநாயக்காவில் இறங்கி, சுங்கம் தாண்டிக் கைக்கு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்போம். வந்தபின்னும் அதே வெற்று மெம்பிரேன். கலத்தை உடைத்த கணம் ஒன்று, அதற்குள் இருந்த நொதியங்கள் முற்றாக அடங்கிய கணம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்காமல் குப்பி மாற்றுவது வீண்செலவு.

பொஸ்பேற்று, அசற்றைல், மெதைல், யூபிகுயிற்றின் என்று புரதத்தின் மேல் ஏறும் அடையாளங்கள் பல. அவற்றை ஒட்டுவதற்கும் நொதியம் உண்டு, கழற்றுவதற்கும் நொதியம் உண்டு. உயிருள்ள கலத்தில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கும். கலம் உடைந்ததும் அந்தச் சமநிலை குலைகிறது. பொஸ்பேற்றைக் கொடுக்கும் ஏடிபி, பஃபரில் கலந்து பலமடங்கு ஐதாகிவிடுவதால் பொஸ்பேற்றை ஒட்டும் கைனேஸ்கள் தளர்ந்துவிடும். கழற்றும் பொஸ்பட்டேஸ்களுக்கோ ஏடிபி தேவையே இல்லை. அவை தம் பாட்டில் வேலையைத் தொடரும். அரைத்த மாவு கொழும்பில் எவ்வளவு விரைவாகப் பொங்கிவிடும் என்று நமக்குத் தெரியும். மேசையில் நிற்கும் கலச்சாறும் அப்படித்தான். வெளிநாட்டுச் செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்று எழுதியவர் 20 முதல் 25 °செ வரையான அறையை நினைத்து எழுதியிருக்கிறார். குளிரூட்டி நின்றுபோன நம் அறை 30 °செ. பொதுவாக 10 °செ கூடினால் நொதிய வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அந்தத் தாளில் 'ஐந்து நிமிடம்' என்று இருந்தால் நமக்கு அது ஐந்து நிமிடம் அல்ல.

கின்சி வீதியிலோ பொரளையிலோ கொழும்பு 03 பக்கத்திலோ, அல்லது வேறெங்கோ ஒரு சிறு ஆய்வுகூடத்தில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

மொத்தப் புரதம் தெளிவாக வருகிறது, பொஸ்போ பட்டை மட்டும் இல்லை

பொஸ்போ பட்டை என்பது பொஸ்பேற்று ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் அன்டிபொடி காட்டும் பட்டை. அது இல்லையென்றால் முதலில் ஒளிர்வுக் கரைசல் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கலந்த ஈசிஎல் கரைசலில் ஒரு சிறு துளி எடுத்து, இருட்டறையில் அதனுள் இரண்டாம் அன்டிபொடியை (முதல் அன்டிபொடியைப் பிடிப்பது, எச்ஆர்பி என்ற ஒளிரவைக்கும் நொதியம் பூட்டியது) மிகச் சிறிதளவு விடுங்கள். உடனே நீலமாக ஒளிர்ந்தால் ஈசிஎல், எச்ஆர்பி இரண்டும் நலம். ஒளிராவிட்டால் மேலே வாசிக்க வேண்டாம், சிக்கல் அங்கேயே இருக்கிறது. கழுவும் பஃபரில் யாராவது சோடியம் அசைட்டு போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பூஞ்சை வராமல் இருக்க இங்கே பலரும் போடுவார்கள். அது எச்ஆர்பியை முடக்கும்.

அடுத்தது, நிச்சயமாகப் பட்டை தரவேண்டிய ஒரு மாதிரி. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஹீலா அல்லது ஏ431 கலங்களைச் சீரம் இல்லாமல் ஓரிரவு வைத்து, ஈஜிஎப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து 5 நிமிடத்தில் நிறுத்தினால், பொஸ்பேற்று ஏறிய ஈஆர்கே கைனேஸ் 42, 44 கிலோடால்ட்டனில் இரண்டு பட்டைகளாகப் பளிச்சென்று வரவேண்டும். அது வந்து உங்கள் மாதிரியில் மட்டும் வராவிட்டால், தேட வேண்டிய இடம் மாதிரி தயாரிப்பு.

இனி முக்கியமான சோதனை. ஒரே நாளில், ஒரே தட்டுக் கலங்களை இரண்டு விதமாக எடுங்கள். ஒன்றை வழக்கமான லைசிஸ் பஃபரில் (கலத்தை உடைக்கும் கரைசல்) பனிக்கட்டி மேல் வைத்து எடுங்கள். மற்றதில் ஊடகத்தை ஊற்றிவிட்டு, குளிர்ந்த உப்புக் கரைசலால் ஒரு தடவை விரைவாகக் கழுவி, எஸ்டிஎஸ் (புரதங்களைக் குலைக்கும் சவர்க்காரப் பொருள்) கலந்து 95 °செ-க்குச் சூடாக்கிய மாதிரி பஃபரை நேரே தட்டில் ஊற்றிச் சுரண்டுங்கள். சூடும் எஸ்டிஎஸ்ஸும் சேர்ந்து நொதியங்களை அந்த நொடியிலேயே குலைத்துவிடும். இரண்டாவதில் பட்டை இருந்து முதலாவதில் இல்லையென்றால் தீர்ப்பு வந்துவிட்டது: பொஸ்பேற்று கலத்தில் இருந்தது, உங்கள் குழாய்க்குள் அழிந்தது. வேறு எந்த ஒற்றைச் சோதனையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு தெளிவான விடை தராது. இப்படி எடுத்த மாதிரி பாகுபோல் இழுபடும், டிஎன்ஏதான் காரணம். மெல்லிய ஊசியால் பலமுறை இழுத்துவிட்டால் சரியாகும். எஸ்டிஎஸ் இருப்பதால் பிராட்ஃபோர்ட் முறையில் புரதம் அளக்க முடியாது. டிடிடி என்ற ஒடுக்கியைச் சேர்க்கும் முன் பிசிஏ முறையில் அளந்துவிட்டு, அதன்பின் டிடிடியும் சாயமும் சேருங்கள்.

கலங்களைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் பயன்படுத்தினீர்களா? அந்த நிமிடங்களில் ஏற்பிகளின் வெளிப்பகுதி வெட்டுப்படும், சமிக்ஞைகள் ஏறும் இறங்கும். பொஸ்போ வேலைக்கு எப்போதும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நிரோதிகளில், அதாவது நொதியத்தைத் தடுக்கும் பொருட்களில், ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 'வில்லை போட்டேன்' என்பார்கள். புரதத்தை வெட்டும் நொதியங்களைத் தடுக்கும் வில்லை வேறு, பொஸ்பட்டேஸ்களைத் தடுக்கும் கலவை வேறு. முதலாவது மட்டும் இருந்தால் மொத்தப் புரதம் அழகாக நிற்கும், பொஸ்பேற்று போய்விடும். நீங்கள் இப்போது காணும் அறிகுறியும் அதுதான். கலவை வாங்கப் பணமில்லை என்றால் நீங்களே தயாரிக்கலாம். செரீன், திரியோனின் பொஸ்பட்டேஸ்களுக்குச் சோடியம் புளோரைட்டு 10 முதல் 50 மில்லிமோலார் வரை, பீற்றா கிளிசரோபொஸ்பேற்று 10 முதல் 25 மில்லிமோலார் வரை. தைரோசின் பொஸ்பட்டேஸ்களுக்குச் சோடியம் ஓர்தோவனடேற்று 1 மில்லிமோலார்.

இந்த ஓர்தோவனடேற்றைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் தைரோசின் பொஸ்போ பட்டை வராத பல கதைகள் இங்கேதான் முடிகின்றன. தூளை நீரில் கரைத்ததோடு வேலை முடிவதில்லை. 200 மில்லிமோலார் கரைசலை பீஎச் 10-க்குக் கொண்டுவாருங்கள். அமிலம் படும்போது மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி பீஎச் பார்த்து, நிறமற்றதாகவும் பீஎச் 10-இலேயே நிற்பதாகவும் ஆகும்வரை திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் என்பது பத்து வனடேற்றுகள் ஒன்றாகக் கூடிய வடிவம். அது உங்களுக்கு வேண்டிய நிரோதி அல்ல. தயாரித்ததைச் சிறு குழாய்களில் உறையவையுங்கள். லைசிஸ் பஃபரில் டிடிடியோ உலோக அயன்களைப் பிடிக்கும் ஈடிடிஏயோ இருந்தால் வனடேற்றின் தடுப்பு வலுவிழக்கும்: முன்னது அதை ஒடுக்கும், பின்னது அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய செய்முறைகள் பலவற்றில் இந்த மூன்றும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. யார் எழுதியிருந்தாலும் அதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

உடைந்த கலச்சாற்றில் நொதியம் தன் விருப்பத்துக்கு வேலை செய்யும் என்பதற்கு இந்தத் துறையின் பிறப்பே சான்று. 1950-களின் நடுவில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையிலிருந்து பொஸ்போரிலேஸ் நொதியத்தை, உயிர்வேதியியலாளர்களான கோரி தம்பதியர் சொன்ன வழியில் பிரித்தெடுக்க முயன்றார்கள். வடிதாளால் வடித்தபோது செயலூக்கமுள்ள வடிவம் கிடைத்தது. வடிதாளை விட்டு மையநீக்கிக்கு மாறியதும் செயலற்ற வடிவமே வந்தது. வடிதாளில் மாசாக ஒட்டியிருந்த கல்சியம் அயன், சாற்றுக்குள் இருந்த ஒரு கைனேஸைக் கிளப்பிவிட்டு, பொஸ்பேற்று ஏற வழிசெய்திருந்தது. புரதத்தின் மேல் பொஸ்பேற்று ஏறி இறங்கி அதன் வேலையை மாற்றுகிறது என்ற கண்டுபிடிப்பு இந்த வழியில் வந்தது. 1992-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பஃபரில் என்ன அயன் இருக்கிறது, எதைத் தொட்டு வந்தது என்று கேட்பது அற்பமான கேள்வி அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் பட்டை இல்லையென்றால் நேரத்தைச் சோதியுங்கள். ஈஜிஎப்புக்குப் பின் ஏற்பியின் பொஸ்பேற்று சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஒரு மணிநேரம் கழித்து எடுத்தால் வெறும் தட்டுத்தான். 0, 2, 5, 15, 30, 60 நிமிடங்கள் என்று ஒரே பரிசோதனையில் எடுத்துப் பாருங்கள்.

தூண்டிய மாதிரியிலும் தூண்டாத மாதிரியிலும் ஒரே பட்டை

இங்கே மூன்று சந்தேகங்கள் எழ வேண்டும். சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் நிறைய உண்டு. பட்டினி போடாத கலம் ஏற்கனவே தூண்டப்பட்ட கலம். இரண்டாவது, பட்டை நிறைவடைந்துவிட்டது. கருவி அளக்கும் எல்லையைத் தாண்டிய இரண்டு பட்டைகள் பார்வைக்குச் சமமாகத் தெரியும். பட்டையின் நடு வெள்ளையாகி ஓரம் மட்டும் கறுத்திருந்தால் எச்ஆர்பி மிகுந்து அங்கிருந்த ஈசிஎல்லைத் தீர்த்துவிட்டது என்று பொருள். புரதத்தையும் இரண்டாம் அன்டிபொடியையும் குறைத்து ஓட்டுங்கள்.

மூன்றாவது சந்தேகம்தான் ஆபத்தானது: அன்டிபொடி பொஸ்பேற்றைப் பார்க்கவே இல்லை, புரதத்தையே பார்க்கிறது. இதைத் தீர்க்க அந்தப் பொஸ்பேற்றை நீங்களே கழற்ற வேண்டும். சாற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் லம்டா பொஸ்பட்டேஸ் சேர்த்து 30 °செ-இல் 30 நிமிடம் வையுங்கள். பட்டை மறைந்தால் அது பொஸ்போ பட்டை. மறையாவிட்டால் அந்த அன்டிபொடியை வைத்து எந்த முடிவும் எழுதாதீர்கள். ஒரு எச்சரிக்கை: லம்டா பொஸ்பட்டேஸுக்கு மங்கனீஸ் அயன் வேண்டும். நீங்கள் கவனமாகப் போட்ட வனடேற்று, புளோரைட்டு, ஈடிடிஏ எல்லாம் அதையும் முடக்கிவிடும். ஆகவே இந்தச் சோதனைக்கான சாற்றைப் பொஸ்பட்டேஸ் நிரோதியும் ஈடிடிஏயும் இல்லாமல் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், புரதம் மெம்பிரேனுக்கு மாறியபின் அதை இரண்டாக வெட்டி ஒரு துண்டைப் பொஸ்பட்டேஸ் கரைசலில் ஊறவைக்கலாம். நிரோதிகள் அதற்குள் கழுவப்பட்டுப் போயிருக்கும்.

விலை காரணமாக இந்தக் கட்டுப்பாட்டு மாதிரியைப் பலர் தவிர்க்கிறார்கள். என் பார்வையில், அன்டிபொடி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் இதற்கு ஒதுக்கிவிட வேண்டும். ஒரு குப்பி லம்டா பொஸ்பட்டேஸ், ஆய்வுகூடத்தில் உள்ள எல்லாப் பொஸ்போ அன்டிபொடிகளையும் சோதிக்கப் போதும்.

மெம்பிரேன் முழுவதும் கறுப்பு

அன்டிபொடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடக் கடையில் வாங்கிய பால்மாவின் உறையைப் பாருங்கள். நம் வீடுகளில் தேநீருக்குப் போடுவது பெரும்பாலும் முழு ஆடைப் பால்மா. அதிலுள்ள கொழுப்பு மெம்பிரேனில் படிந்து பின்னணியைக் கெடுக்கும். கொழுப்பு நீக்கியது வேண்டும். பால்மாவை விட்டுவிடவேண்டிய இடங்களும் உண்டு. பாலின் கேசீன் பொஸ்பேற்று ஏறிய புரதம் என்பதால், எந்தப் பொஸ்போ செரீனையும் பிடிக்கும் பொது அன்டிபொடிகளோடு அது ஒத்துவராது. பாலில் பயோட்டின் இருப்பதால் அதைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடின் வேலைக்கும் ஆகாது. அங்கெல்லாம் 5% பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) எடுங்கள், பொஸ்பேற்று இல்லாத டிபிஎஸ் பஃபரில். இரண்டாம் அன்டிபொடியில் எச்ஆர்பிக்குப் பதில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் இருந்தால் பொஸ்பேற்று உள்ள பிபிஎஸ் பஃபர் வேண்டாம், பொஸ்பேற்று அந்த நொதியத்தைத் தடுக்கும். ஓரிரவு ஊறவைப்பதை 4 °செ-இல் மட்டும் செய்யுங்கள். நம் ஊர் மேசையில் இரவு முழுக்க வைத்த பால்மாக் கரைசல் காலையில் புளித்திருக்கும்.

பட்டை வருகிறது, ஆனால் தவறான உயரத்தில்

இம்யூனோபிரெசிபிட்டேஷன் (அன்டிபொடியால் ஒரு புரதத்தைச் சாற்றிலிருந்து பிடித்தெடுத்தல்) செய்தபின் 50 அல்லது 25 கிலோடால்ட்டனில் ஒரு தடித்த பட்டை வந்தால், அது நீங்கள் மீனுக்குப் போட்ட தூண்டிலே. அன்டிபொடியின் கன, இலகு சங்கிலிகள். பிடிக்க முயல், காட்ட எலி என்று வேறு விலங்கின் அன்டிபொடிகளைப் பயன்படுத்துங்கள். அல்லது இலகு சங்கிலியை மட்டும் பிடிக்கும் இரண்டாம் அன்டிபொடி எடுத்தால் 50 சுத்தமாகும்.

பொஸ்டாக் ஜெல்லில் பட்டைகள் ஏணிப்படியாக வந்து, திணிவைக் காட்ட ஓட்டும் அளவுகாட்டிப் புரதங்களோடு பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம், அப்படித்தான் வரவேண்டும். ஜெல்லில் உள்ள பொஸ்டாக், மங்கனீஸ் அல்லது துத்தநாக அயனோடு சேர்ந்து பொஸ்பேற்றைப் பிடித்து இழுப்பதால், பொஸ்பேற்று கூடக்கூடப் புரதம் மெதுவாக நகரும். அங்கே உயரத்தை வைத்துத் திணிவைக் கணிக்க முடியாது. இந்த முறையின் பெரிய நன்மை, மொத்தப் புரதத்தில் எத்தனை பங்கு பொஸ்பேற்று ஏறியது என்று ஒரே அன்டிபொடியால் காட்டுவது. பொஸ்போ அன்டிபொடி அந்தக் கேள்விக்கு விடை தராது. பட்டைகள் கோணலாகக் கலங்கி ஓடினால் மாதிரியில் ஈடிடிஏ இருக்கிறது. ஜெல்லில் அழகாகப் பிரிந்தும் மெம்பிரேனுக்கு வரவில்லை என்றால், மாற்றுவதற்கு முன் ஜெல்லை ஈடிடிஏ சேர்த்த பஃபரில் ஊறவைத்து உலோகத்தை அகற்றுங்கள்.

யூபிகுயிற்றின் மங்கல் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது

யூபிகுயிற்றின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம், ஏறத்தாழ 8.5 கிலோடால்ட்டன். அது சங்கிலியாக ஏறிய புரதம் ஜெல்லின் மேல்பாதியில் நீண்ட மங்கலாகத் தெரியும். அது இல்லையென்றால் கழற்றும் நொதியங்கள் முந்திக்கொண்டன. அவற்றில் பெரும்பாலானவை தம் சிஸ்டீனைக் கொண்டு வேலை செய்பவை; ஆகவே சிஸ்டீனை அடைக்கும் என்-எதைல்மலீமைட்டு 10 முதல் 20 மில்லிமோலார் வரை லைசிஸ் பஃபரில் வேண்டும். நீரில் அது நிலைக்காது, அன்றன்று எதனோலில் கரைத்துச் சேருங்கள். டிடிடி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். உலோகத்தால் இயங்கும் சில கழற்றும் நொதியங்களைத் தடுக்க ஈடிடிஏ வேண்டும். பொஸ்போ பரிசோதனைக்கும் யூபிகுயிற்றின் பரிசோதனைக்கும் ஒரே பஃபரைப் பயன்படுத்த முடியாது என்பது இங்கே தெரிகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் தட்டுகளைப் பிரித்துவிடுங்கள், அல்லது சூடான எஸ்டிஎஸ்ஸுக்கே போங்கள்.

யூபிகுயிற்றின் ஏறிய புரதம், கலத்தின் புரதச் சிதைப்பானான புரோட்டியசோமில் கரைந்துபோவதும் உண்டு. எடுப்பதற்கு முன், அதைத் தடுக்கும் எம்ஜி132-ஐ 10 மைக்ரோமோலார் அளவில் 4 மணிநேரம் கொடுத்துப் பாருங்கள். மங்கல் வருகிறது, ஆனால் அது உங்கள் புரதத்தின் மேலா, அதோடு ஒட்டிவந்த வேறு புரதத்தின் மேலா என்று சந்தேகமா? 1% எஸ்டிஎஸ்ஸில் கொதிக்கவைத்து ஒட்டியவற்றையெல்லாம் பிரித்து, பத்து மடங்கு ஐதாக்கி, அதன்பின் பிடியுங்கள்.

ஹிஸ்டோன் அசற்றைல் பட்டை மெலிந்து வருகிறது

டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் மைய ஹிஸ்டோன்கள் 11 முதல் 17 கிலோடால்ட்டன் அளவிலான சிறு புரதங்கள். 0.45 மைக்ரோமீற்றர் துளை மெம்பிரேனை ஊடுருவி மறுபக்கம் போய்விடும், 0.2 எடுங்கள். அசற்றைலைக் கழற்றும் நொதியங்கள் இரு வகை: துத்தநாகத்தால் இயங்குபவற்றுக்குச் சோடியம் பியூட்டிரேற்று அல்லது டிரைகொஸ்டட்டின் ஏ, என்ஏடியால் இயங்கும் சேர்டுவின்களுக்கு நிக்கொட்டினமைட்டு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறக்காதீர்கள். எச்3 ஹிஸ்டோனின் 9ஆம் லைசீன் அடையாளம் திடீரென்று மறைந்தால் பக்கத்து 10ஆம் செரீனில் பொஸ்பேற்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கலம் பிரியும்போது அது ஏறும்; பல அன்டிபொடிகளுக்கு அது வழியை மறைக்கும், அடையாளம் அங்கேயே இருந்தாலும்.

திணிவு நிறமாலை அறிக்கையில் நம்பமுடியாத இடங்கள்

நம்மில் பலர் மாதிரியைத் திணிவு நிறமாலைக்கு (புரதத் துண்டுகளின் திணிவை அளக்கும் முறை) வெளியே அனுப்பி, திரும்பிவரும் அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். அட்டவணையில் இருப்பது திணிவு வேறுபாடு மட்டுமே. பொஸ்பேற்று 79.966 டால்ட்டன், சல்பேற்று 79.957. அசற்றைல் 42.011, மூன்று மெதைல் 42.047. இந்த வேறுபாடுகளைப் பிரிக்கும் துல்லியம் கருவிக்கு இருந்ததா என்று கேளுங்கள்.

யூபிகுயிற்றினில் இதைவிடக் கொடிய பொறி உண்டு. டிரிப்சின் வெட்டியபின் லைசீன் மேல் மிஞ்சும் இரண்டு கிளைசீன்களின் திணிவு 114.043. சிஸ்டீனை அடைக்கப் போடும் அயோடோஅசற்றமைட்டு மிகுந்து லைசீனிலும் இருமுறை ஏறினால் அதுவும் 114.043. இரண்டிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒன்று. எந்தக் கருவியாலும் முழுத் திணிவை வைத்துப் பிரிக்க முடியாது. சூடும் கூடுதல் செறிவும் இதை வளர்க்கும். ஆகவே குளோரோஅசற்றமைட்டுக்கு மாறுங்கள். இன்னொரு சோதனை கையிலேயே இருக்கிறது: அடையாளம் ஏறிய லைசீனுக்குப் பின் டிரிப்சின் வெட்டாது. பெப்டைட்டின் கடைசி அமினோ அமிலமாக அந்த லைசீன் நின்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். உண்மையான இரட்டைக் கிளைசீன் என்றாலும்கூட, யூபிகுயிற்றினைப் போன்ற நெட்8, ஐஎஸ்ஜி15 புரதங்களும் அதே எச்சத்தை விட்டுச்செல்லும்.

லைசீன்களிலும் பெப்டைட்டின் தொடக்கத்திலும் 43.006 நிறைய வந்தால் அது யூரியாவின் வேலை. யூரியா சூட்டில் சயனேற்றாக மாறிப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். நொதியம் எதுவும் அங்கே இல்லை. யூரியாக் கரைசலை அன்றன்று தயாரியுங்கள், 37 °செ-க்கு மேல் சூடாக்காதீர்கள், குளிரூட்டி இல்லாத அறையில் இரவு விடாதீர்கள்.

நொதியம் இல்லாமலே நிகழும் மாற்றங்களை இங்கே நினைவில் வைப்பது நல்லது. நீரிழிவு மருத்துவமனைகளில் தினமும் அளக்கும் எச்பிஏ1சி அப்படிப்பட்டதுதான்: ஹீமோகுளோபின் பீற்றாச் சங்கிலியின் முதல் வாலீனில் குளுக்கோஸ் தானாக ஏறியது. மெதியோனின் ஒட்சியேற்றம், 15.995, மேசையில் காற்றிலும் நடக்கும். இவற்றுக்கு 'பின்னால் உள்ள நொதியத்தை' தேடி ஒரு வருடத்தை விடாதீர்கள்.

தாவரச் சாறு எந்த நொதியத்தையும் தடுக்கிறது

கறுவா, வெந்தயம், வல்லாரை என்று நம் தாவரங்களின் சாறுகளை நொதியங்களின் மேல் சோதிக்கும் ஆர்வம் கொழும்பில் நிறைய உண்டு. அது இருக்கவும் வேண்டும். அதனாலேயே இந்த அறிகுறியைக் கண்டு மகிழ்வதற்கு முன் மிகவும் கண்டிப்பாக இருக்கவேண்டும். ஒரு சாறு கைனேஸ், பொஸ்பட்டேஸ், அசற்றைல் கழற்றி என்று எதைக் கொடுத்தாலும் தடுத்தால், அது பெரும்பாலும் சோதனையைத் தடுக்கிறது, நொதியத்தை அல்ல.

நிறத்திலிருந்து தொடங்குங்கள். பாரா-நைட்ரோபீனைல் பொஸ்பேற்றுச் சோதனையில் வரும் மஞ்சளை 405 நானோமீற்றரில் அளக்கிறோம். கறுவாச் சாறும் அங்கே ஒளியை உறிஞ்சும். நொதியம் இல்லாமல் சாறு மட்டும், வினை முடிந்தபின் கடைசியில் சேர்த்த சாறு, இந்த இரண்டு குழிகளும் ஒவ்வொரு தட்டிலும் வேண்டும். அடுத்தது தனின்கள். அவை புரதத்தோடு ஒட்டி அதை வீழ்படிவாக்கும். பாலிவைனைல்பாலிபிரோலிடோன் கொண்டு அவற்றை நீக்கியபின்னும் தடுப்பு நிற்கிறதா? மூன்றாவது, சேர்ந்து திரளும் மூலக்கூறுகள்: 0.01% டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அது திரளின் வேலை.

பிடிபி1பி போன்ற தைரோசின் பொஸ்பட்டேஸ்களில் இன்னொரு வழியும் உண்டு. இன்சுலின் ஏற்பியின் பொஸ்பேற்றைக் கழற்றுவது பிடிபி1பி, ஆகவே நீரிழிவு ஆய்வில் எல்லோரும் அதைத் தேடிப் போவார்கள். அதன் மையத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. பஃபரில் உள்ள டிடிடியோடு சில பொலிபீனோல்கள் சுழன்று ஐதரசன் பெரொட்சைட்டை உண்டாக்கும். அது அந்தச் சிஸ்டீனை ஒட்சியேற்றி நொதியத்தை முடக்கும். கட்டலேஸ் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். தடுப்பு போய்விட்டால், நீங்கள் கண்டது பெரொட்சைட்டை.

இரண்டாம் நொதியம் கொண்டு விடையைக் காட்டும் சோதனைகளில் அந்த இரண்டாவதையும் தனியே சோதிக்க வேண்டும். எச்டிஏசி (அசற்றைல் கழற்றும் நொதியம்) ஒளிர்வுச் சோதனையில் டிரிப்சின்தான் சாயத்தை விடுவிக்கிறது. உங்கள் சாறு டிரிப்சினைத் தடுத்தாலும் எச்டிஏசியைத் தடுத்ததாகவே தெரியும். ஏற்கனவே அசற்றைல் நீக்கிய பெப்டைட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஏடிபி அளக்கும் சோதனையில் அந்த இடத்தில் லூசிஃபெரேஸ் இருக்கிறது.

பொஸ்பேற்றைப் பச்சை நிறத்தால் காட்டும் மலக்கைட்டுப் பச்சைச் சோதனையில் எல்லாக் குழிகளும், வெற்றுக் குழிகூட, பச்சையாகிவிட்டால் பொஸ்பேற்று வெளியிலிருந்து வருகிறது: சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடி, யாரோ பிபிஎஸ் வைத்த போத்தல். புதிய பிளாஸ்டிக் குழாய்களிலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள்.

கைனேஸ் சோதனை நேற்று நடந்தது, இன்று செத்துவிட்டது

ஏடிபி தூளை நீரில் கரைத்தால் கரைசல் அமிலமாக இருக்கும். பீஎச் 7-க்குக் கொண்டுவராமல் சேர்த்தால் வினைக் கலவையின் பீஎச் சரிந்துவிடும். சரிசெய்து, சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒரு குழாயை ஒருமுறை மட்டும் உருக்குங்கள். மக்னீசியம் ஏடிபியைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். கைனேஸ் பிடிப்பது மக்னீசியத்தோடு சேர்ந்த ஏடிபியை.

இரண்டும் சரியென்றால் ஃபிரீசரைச் சந்தேகியுங்கள். 2022-இல் ஒரு நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில், -20 பெட்டிகளில் எது உருகி எது மீண்டும் உறைந்தது என்று யாருக்கும் தெரியாமல் போனது. ஒரு சிறு கோப்பையில் நீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். நாணயம் அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாதபோது உள்ளே எல்லாம் உருகியிருக்கிறது. கிளிசரோலில் வந்த அன்டிபொடி பெரும்பாலும் சில நாள் சூட்டைத் தாங்கும். கைனேஸ், ஏடிபி, என்ஏடி தாங்கா. சுங்கத்தில் உலர்பனி தீர்ந்தபின் வந்த பெட்டியைத் திறக்கும்போதும் இதே வரிசையில்தான் கவலைப்பட வேண்டும்.

மாற்றம் உறுதி, ஆனால் செய்த நொதியம் எது?

மனித மரபணுத்தொகுதியில் கைனேஸ்கள் 500-க்கு மேல். குழாய்க்குள் போதிய நொதியமும் நேரமும் கொடுத்தால் ஒரு கைனேஸ் தனக்குச் சம்பந்தமில்லாத புரதத்திலும் பொஸ்பேற்றை ஏற்றும். ஆகவே குழாயில் ஏறியது என்பது ஒரு சாத்தியம் மட்டுமே. கலத்தில் நிரோதி கொடுத்தேன், பட்டை மறைந்தது என்பதும் தனியாகப் போதாது. எச்-89 புரோட்டீன் கைனேஸ் ஏ-யின் நிரோதி என்று விற்கப்படுகிறது. அது ஆர்ஓசிகே, எம்எஸ்கே1 என்ற வேறு கைனேஸ்களையும் தடுக்கும். எல்வை294002 பிஐ3 கைனேஸுக்கு என்று வாங்குவோம். அது எம்டோரையும் சிகே2-வையும் தொடும். ஸ்டோரோஸ்போரின் எதைத்தான் விட்டது.

வசதி குறைந்த ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய நேர்மையான வரிசை ஒன்று உண்டு. கட்டமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிரோதிகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்த செறிவிலிருந்து ஏற்றிக்கொண்டு போங்கள். அதே மெம்பிரேனில், அந்தக் கைனேஸின் நன்கு அறிந்த இலக்கு ஒன்றின் பொஸ்போ பட்டையையும் பாருங்கள். அறிந்த இலக்கு அணையும் அதே செறிவில் உங்கள் பட்டையும் அணைந்தால் நம்பிக்கை வரும். அது அணைந்து பத்து மடங்கு தாண்டியபின் உங்களுடையது அணைந்தால் வேறு கைனேஸைத் தேடுங்கள். அடுத்த படி சைஆர்என்ஏ (ஒரு மரபணுவின் செய்தியை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு கைனேஸைக் குறைப்பது. அதன்பின் சைஆர்என்ஏவுக்குப் பிடிபடாத வடிவத்தில் அதைத் திருப்பிக் கொடுங்கள்: ஒருமுறை இயங்கும் கைனேஸ், ஒருமுறை ஏடிபியைப் பிடிக்கும் லைசீனை மாற்றிச் செயலிழக்கச் செய்த கைனேஸ். பட்டை முதலாவதில் மட்டும் திரும்பவேண்டும். செயலிழந்ததிலும் திரும்பினால், அந்தக் கைனேஸ் அங்கே வேறொரு கைனேஸைத் தாங்கிப்பிடித்து நிற்கிறது. அதோடு ஒட்டிவரும் புரதங்களைப் பிடித்துப் பட்டியலிடுவதிலிருந்து தேடலை மறுபடி தொடங்குங்கள்.